இடப்பக்கம் இரண்டு ஓட்டை

அத்தியாயம் 9

ஓக்லியின் பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மிச்ச ஓக்லி, விபத்து வண்டிகளைப் போட்டு வைக்கும் யார்டில் நின்ற கோரா டெஸ்கியின் பிக்கப் டிரக்குக்குள், ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"உயிரோட இருக்கீங்களா பாஸ்?" என்றேன்.

"இருக்கேன். டார்ச்சை இடது பக்கம் காட்டு. இது வலது, லோட்டி."

"நீங்க பாட்டுக்குத் தலைகீழாப் படுத்துக்கிட்டு இடது வலதுன்னா, எனக்கு என்ன தெரியும்?"

ஓக்லி என் முதலாளி. வயோமிங் மாநிலம் முழுக்க மாட்டு முத்திரை இன்ஸ்பெக்டராகச் சுற்றி ஓய்வு பெற்றவர். எந்த மாட்டில் எந்தச் சூட்டுக்குறி பழசு, எது அதை மறைக்க மேலே போட்ட புதுசு என்று பார்த்தே காலத்தைத் தள்ளிய மனுஷன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி துரத்திவிடுவாள் என்பதால் துப்பறிய வந்துவிட்டார். நான் லோட்டி. அவருடைய டிரைவர், உதவியாளர், அவர் ஜோக்குக்குச் சிரிக்க மறுக்கும் ஒரே ஜீவன்.

கேஸ் இதுதான். கோரா மற்றவர்களின் குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விடுகிறவள். புருஷன் போனபின் அதுதான் அவளுக்குப் பிழைப்பு. அவளுடைய பிக்கப்பையும் டிரெய்லரையும் அவள் கொழுந்தன் லைல், காளைக்கன்றுகளைச் சந்தைக்கு ஏற்றிப் போக இரவல் வாங்கினான். மலைச் சரிவில் இறங்கும்போது டிரெய்லரில் பிரேக் பிடிக்கவில்லை. கன்றுகளின் மொத்தக் கனமும் பின்னாலிருந்து தள்ள, வண்டி மடங்கித் திரும்பி, ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் 'நில்' பலகை பிடித்து நின்ற வெஸ்லியை அடித்துப் போட்டது. வெஸ்லிக்கு இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. மறுபடி நடப்பானா என்று கேட்டால் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

டிரெய்லர் பிரேக்குக்கு உயிர் கொடுப்பது டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. பிரேக் கண்ட்ரோலர் என்பார்கள். பெடலை மிதித்தால் அது டிரெய்லருக்கும் கரண்ட் அனுப்பும். அவசரம் என்றால் அதன் பிடியை, ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மற்ற விரல்களும் கொடுத்து அமுக்க வேண்டும். டிரெய்லர் மட்டும் தனியாகப் பிரேக் பிடிக்கும். கோரா அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுக்காமல் தன் கையாலேயே மாட்டியிருந்தாள்.

அதுதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருந்தது. மறுநாள் காலையில் அரசு வக்கீல் அவள்மேல் வழக்குப் போடுவதாக இருந்தார். அரைகுறை வேலை பார்த்து ஒருத்தனை முடமாக்கிய குற்றம். ஜெயில் தப்பினாலும் பிழைப்பு தப்பாது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எவரும் அவளை நம்பி ஒரு குதிரைக்குட்டியைக்கூட ஏற்றமாட்டார்கள்.

"என்ன தெரியுது பாஸ்?"

"ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கண்ட்ரோலர். வயரையெல்லாம் முறுக்கி, வீட்டுச் சுவருக்குள்ள போடுற பிளாஸ்டிக் தொப்பியைத் திருகி வெச்சிருக்கு. நீல வயரு தொப்பியை விட்டு வெளிய வந்து தொங்குது. டிரெய்லருக்குக் கரண்ட் போறதே அந்த நீல வயருலதான்."

"அப்ப ஷெரீப் சொன்னது சரி. மட்டமான வேலை."

"மட்டமான வேலைதான். யாரோட வேலைங்கறதுதான் கேள்வி. இங்க பாரு, இடப்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை."

"பழைய டிரக்கு பாஸ். முன்னாடி வெச்சிருந்தவன் ரேடியோ மாட்டியிருப்பான். ஷெரீப் அப்படித்தான் சொல்லுவாரு."

"சொல்லுவான்." ஓக்லி முனகிக்கொண்டே வெளியே வந்து தன் கவ்பாய் தொப்பியைத் தேடினார். "நீ என்ன விசாரிச்ச?"

"இந்த யார்டு கவுண்டர்ல இருக்கிறவன் சொன்னான். ஆக்சிடென்ட் ஆன மறுநாள் லைல் வந்தானாம். ஜாக்கெட்டை வண்டியில மறந்துட்டேன்னு ரொம்ப நேரம் உள்ள இருந்தானாம். ஜாக்கெட் தேட ஸ்க்ரூட்ரைவரும் கொண்டாந்தானான்னு கேட்டேன். கவுண்டர் ஜன்னலைச் சாத்திட்டான்."

ஓக்லி சிரிக்கவில்லை. அது பழிவாங்கல் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கதை அப்போதே முடிந்துவிட்டது. லைலுக்கு அண்ணிமேல் ஏதோ காட்டம். சதி செய்து பிரேக்கைக் கெடுத்திருக்கிறான். இதைக் காரில் ஏறும்போது சொன்னேன்.

"தானே பிரேக்கைக் கெடுத்துட்டு, தானே அதுல ஏறி மலையில இறங்கினானா?" என்றார் ஓக்லி. "லைல் முட்டாள்தான். ஆனா உயிர்மேல ஆசையுள்ள முட்டாள்."

*

கோரா குதிரைக் கொட்டகையில் வைக்கோலைக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் வெயிலில் தகரக் கூரை கொதித்தது. ஊரே அவளை அரைகுறை என்று பேசிக்கொண்டிருக்க, அவள் எங்களைப் பார்த்த பார்வையில் குற்றவாளிக்குரிய எதுவும் இல்லை. நாங்கள்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"கண்ட்ரோலரை எங்க மாட்டினீங்க, கோரா?" என்றார் ஓக்லி.

"ஸ்டியரிங்குக்கு இடது பக்கம். ஷெரீப்கிட்டயும் சொன்னேன். சிரிச்சாரு. ஊரே வலது பக்கம் மாட்டும்போது நீங்க மட்டும் எதுக்கு இடதுன்னாரு."

"எதுக்கு?"

"என் டிரக்கு. என் இஷ்டம்."

"அது பதில் இல்லையே."

"பதில் சொல்லியே ஆகணும்னு சட்டமா?"

"நாளைக்குக் காலையில சட்டம்தான்," என்றேன் நான்.

கோரா என்னை முறைத்தாள். இடது கையால் பிளாஸ்கை எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே இடது கையால் மூடியைத் திருகினாள். வலது கையில் தோல் கையுறை. அந்த வெயிலில் அதை ஏன் கழற்றவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, காபி வந்ததும் மறந்துவிட்டேன்.

"வயரை எப்படி ஜாயின்ட் பண்ணினீங்க?" என்றார் ஓக்லி.

"சின்னச் செம்புக் குழாய் போட்டு நசுக்கி, அதுமேல சூடு காட்டினா சுருங்குற உறை போட்டேன். ஏன்?"

"இப்ப உள்ள இருக்கிறது பிளாஸ்டிக் தொப்பி."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தொப்பியா? சுவத்துக்குள்ள ஆடாம அசையாம இருக்கிற வயருக்குப் போடுறதை, ஓடுற வண்டியில போடுவேனா? மிஸ்டர் ஓக்லி, நான் வெஸ்லியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பொண்டாட்டி என் மூஞ்சியில கதவைச் சாத்தினா. என் வேலை தப்புன்னா நானே போய் ஜெயில் வாசல்ல உட்கார்ந்திருப்பேன். தப்பில்லை. யார் வந்து சொன்னாலும் தப்பில்லை."

ஓக்லி சுவர் ஓரமாக நடந்தார். அங்கே கோராவின் சேணம் இருந்தது. கயிறு வீசிக் கன்று பிடிக்கும் போட்டியில் கோராவை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. சேணத்தின் முன்கொம்பில் கயிறு வழுக்காமலிருக்கச் சுற்றிய ரப்பர், ஒரு கீறல்கூட இல்லாமல் புதுசாக இருந்தது. பக்கத்தில் தொங்கிய கயிற்றில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் போட்டிக்குப் போகலையா?"

"மனசில்லை."

"டிரக்கு எப்ப வாங்கினது?"

"ஏப்ரல்ல. பழசுதான். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா." ஓக்லி விடைபெறும் விதமாகத் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டார். "சாயங்காலம் ஷெரீப் ஆபீஸ் பின்னாடி இருக்கிற யார்டுக்கு வாங்க, கோரா. உங்க டூல்ஸையும் எடுத்துக்கிட்டு. ஷெரீப் புதுசா ஒரு குதிரை டிரெய்லர் வாங்கியிருக்கான். அவன் பிக்கப்புல கண்ட்ரோலர் இல்லை."

"அதை நான் எதுக்கு மாட்டணும்?"

"உங்க வேலையைப் பார்த்ததே இல்லாத ஊரு அதைப் பத்திப் பேசுது. ஒரு தடவை பார்க்கட்டுமே."

கோரா வைக்கோல் குத்தும் கவையைத் தரையில் நட்டாள். "வர்றேன். எவன் வேணா வந்து பார்க்கட்டும்."

காரில் ஏறியதும் ஓக்லி சீட்டில் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலை, லோட்டி. ஆனா முழு உண்மையும் சொல்லலை."

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. எனக்குச் சொல்ல மாட்டீங்க."

"அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை," என்றார். பிறகு ஷெரீப்புக்குப் போன் போட்டு, எந்தக் கம்பெனியின் எந்தக் கண்ட்ரோலரை வாங்க வேண்டும் என்று சொன்னார். கோராவின் டிரக்கில் இருந்த அதே மாடல். கடைசியாக, "லைலையும் கூப்பிடு ஹூபர். சாட்சி அவன்தானே. அவனும் வேலையைப் பார்க்கட்டும்," என்றார்.

*

லைல் கூப்பிடும் முன்பே கிளம்பியிருப்பான் போல. அண்ணி அசிங்கப்படுவதை இலவசமாகப் பார்க்கிற வாய்ப்பு. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம் அவனுக்கு. வயல் பாசன மோட்டார்களுக்கும் வீடுகளுக்கும் வயரிங் செய்கிறவன். ஷெரீப் ஹூபர் கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்கிற முகத்தோடு நின்றார்.

கோரா யாரையும் பார்க்கவில்லை. முதலில் பானட்டைத் திறந்து பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினாள். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தாள்.

"அண்ணி, அது தையல் மெஷின் இல்லை," என்றான் லைல். "ஷாக் அடிக்கும்."

"தையல் மெஷினா இருந்தா முதல்ல உன் வாயைத்தான் தச்சிருப்பேன், லைல்."

ஷெரீப் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். கோரா வெள்ளை வயரை வண்டியின் உடம்போடு சேர்த்தாள். கறுப்பு வயரை பேட்டரிக்கு இழுத்து, நடுவில் ஃப்யூஸ் மாதிரி காக்கிற பிரேக்கர் ஒன்றை வைத்தாள். சிவப்பு வயருக்காக மட்டும் பேட்டரியைக் கொஞ்ச நேரம் இணைத்து, "ஷெரீப், பெடலை மிதிங்க... விடுங்க... மறுபடி மிதிங்க," என்று சொல்லி, பெடலை மிதிக்கும்போது மட்டும் உயிர் வருகிற கம்பியைக் குட்டி லைட்டால் தேடிப் பிடித்தாள். கடைசியாகப் பின்னாலிருக்கும் டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் நீலம். ஒவ்வொரு இணைப்பையும் நசுக்கி, உறை போட்டு, சூடு காட்டி, இழுத்துப் பார்த்தாள். எல்லாமே இடது கை. கையுறை போட்ட வலது கை பிடித்துக்கொள்ள மட்டும் வந்தது.

பெட்டியை மாட்டுகிற சட்டத்தை ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஸ்க்ரூ அடித்து, பெட்டியை அதில் அழுத்தி, பின்னால் பிளக்கைச் சொருகினாள். பேட்டரியை மறுபடி இணைத்தாள். பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"பரவாயில்லையே," என்றார் ஷெரீப், மனசில்லாமல். "டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

ஓக்லி லைல் பக்கம் திரும்பினார். "லைல், டிரெய்லருக்கு ரிவர்ஸ் எடுக்க இந்த மாவட்டத்துல உன்னை விட்டா யாரு? கொஞ்சம் வண்டியைப் பின்னாடி ஓட்டிக் குடேன்."

புகழ்ச்சிக்கு மயங்காதவன் லைல் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஏறினான். சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்தான். இடது முட்டி பெட்டியில் 'ணங்' என்று இடித்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே இடது கையைக் கீழே விட்டு, பெட்டியைச் சட்டத்திலிருந்து உருவி, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துச் சீட்டில் எறிந்தான். பிறகு ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, டிரெய்லரின் கொக்கிக்கு நேர் கீழே நிறுத்தினான். இறங்கி, பாராட்டுக்குக் காத்திருந்தான்.

"பிரமாதம்," என்றார் ஓக்லி. "கண்ட்ரோலர் எங்க, லைல்?"

"சீட்டுல கிடக்கு. முட்டியில இடிச்சது."

"கண்ணால பார்க்காமலே கழட்டினியே. பிளக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு உன் கை தேடவே இல்லை. ஏற்கெனவே பழகின கை மாதிரி இருந்துச்சு."

லைல் முழித்த முழியைப் பார்க்க வேண்டும். ஆனால் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டான். "ரிவர்ஸ் எடுக்கத்தானே கழட்டினேன்! இதுல என்ன இருக்கு? கோரா வண்டியில அது வலது பக்கம்தான் இருந்துச்சு. சரிவுல இறங்கும்போது வலது கையால அமுக்கினேன், பிடிக்கலை. அன்னிக்கே உங்க ஆள்கிட்ட சொன்னேன், ஷெரீப். புத்தி இருக்கிற எவன் இடது பக்கம் மாட்டுவான்? கேளுங்க அவளை!"

ஷெரீப் தாடையைச் சொறிந்தார். "அவன் கேக்கறது நியாயம்தான், ஓக்லி. இன்னிக்கு வேணும்னே இடது பக்கம் மாட்டியிருக்கலாம். கோரா, அன்னிக்கும் இடதுதான்னு நான் நம்பணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். ஒண்ணே ஒண்ணு. இல்லாட்டி நாளைக்கு என்னால உங்களுக்கு எதுவும் பண்ண முடியாது."

ஓக்லி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காரணம் தெரியும், ஆனால் கோரா ஜெயிலுக்கே போனாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

கோரா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள்.

கட்டைவிரல் இல்லை. அடியோடு இல்லை. கையுறையின் கட்டைவிரல் மட்டும், உள்ளே ஏதோ திணித்து வைத்ததால், ஆள் இருக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றது.

"டிசம்பர்ல தனியாப் பழகிக்கிட்டிருந்தேன்," என்றாள். "கன்னு மாட்டிச்சு. கயித்தைச் சேணக் கொம்புல சுத்தும்போது விரல் நடுவுல சிக்கிச்சு. குதிரை நின்னுச்சு, கன்னு ஓடிச்சு. அவ்வளவுதான். பக்கத்து மாநிலத்துல போய்த் தச்சுக்கிட்டு வந்தேன். கை ஊனம்னு தெரிஞ்சா எனக்கு எவன் குதிரையைக் குடுப்பான்? அதான் மறைச்சேன். ஏப்ரல்ல டிரக்கு வாங்கினேன். வலது பக்கம் மாட்டினா அந்தப் பிடியை நான் எதை வெச்சு அமுக்குவேன், ஷெரீப்? நீங்களே சொல்லுங்க."

ஷெரீப் தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு காற்றில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க," என்றாள் கோரா. கையை உயர்த்தினாள். "ஊருக்கும் போய்ச் சொல்லிக்குங்க. இந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான் மாட்டினேன். ஒழுங்கா மாட்டினேன்."

ஓக்லி இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "மாட்டுத் திருடனும் இதே தப்பைத்தான் பண்ணுவான், லைல். பழைய முத்திரைமேல தன் கைப்பழக்கத்துல புதுசு போடுவான். மாடு யாரோடதுன்னு யோசிக்கமாட்டான். ஆக்சிடென்ட் ஆனதும் பயத்துல உன் வாய் முந்திக்கிச்சு. வலது கையால அமுக்கினேன்னு உளறிட்ட. உன் வண்டியில எல்லாம் அது வலது பக்கம்தானே. மறுநாள் நீ சொன்ன பக்கத்துக்கே கண்ட்ரோலரை மாத்த வேண்டியதாப் போச்சு, இடப்பக்கம் ரெண்டு ஓட்டை மட்டும் மிஞ்சிச்சு. வயர் எட்டலை. உன் பெட்டியில இருந்த வீட்டுத் தொப்பியைப் போட்டு நீட்டின. கோரா வேலைதான் மட்டம்னு தெரியணும்னு நீல வயரைக் கழட்டி விட்ட."

"முட்டியிலயே இடிச்சுக்கிட்டிருந்துச்சு," என்றான் லைல். அத்தனை பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. "ஒவ்வொரு வளைவுலயும் இடிச்சது. கழட்டி சீட்டுல போட்டேன். டிரெய்லர் தள்ள ஆரம்பிச்சதும் கையை விட்டுத் தேடினேன். அது உருண்டு எங்கயோ போயிடுச்சு. நான் வேணும்னு பண்ணலை, அண்ணி. சத்தியமா வேணும்னு பண்ணலை."

நான் சதி என்று நினைத்தது வெறும் முட்டி. ஒரு நெட்டையனின் இடது முட்டி வலித்ததற்கு ஒருத்தன் இடுப்பு போயிற்று, ஒருத்தி பெயர் போக இருந்தது. கோபத்தில் என் காது சுட்டது.

"என்கிட்ட சொல்லாத," என்றாள் கோரா. "வெஸ்லி பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு. அவ கதவைச் சாத்தினா, திறக்குற வரைக்கும் வாசல்லயே நில்லு."

ஷெரீப் லைலின் தோளில் கை வைத்து ஆபீஸ் பக்கம் திருப்பிவிட்டார். கதவருகே நின்ற ஷெரீப்பின் உதவியாளர் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கோரா டூல்ஸைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். கையுறை ஷெரீப் வண்டியின் பானட்மேல் கிடந்தது. நான் எடுத்து நீட்டினேன். உள்ளே குதிரைமுடி திணித்திருந்தது கைக்குத் தட்டுப்பட்டது.

"அங்கயே போடு," என்றாள். "கண்ணாடி துடைக்க ஆகும்."

ஷெரீப் தொண்டையைக் கனைத்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அரசு வக்கீல்கிட்ட இப்பவே பேசுறேன், கோரா. உங்ககிட்ட நான்... சரி, அது அப்புறம். வந்து, இன்னொரு விஷயம். எனக்கு இடது முட்டியில ஆபரேஷன் ஆகியிருக்கு. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் வலது பக்கம் மாத்திக் குடுக்க முடியுமா?"

கோரா டூல் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு எங்கள் காரை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் ரெண்டு கட்டைவிரல் இருக்கே, ஷெரீப்," என்றாள். "நாலே வயர்தான். நீங்களே மாட்டிக்குங்க."